ஆர்க்கியா கொழுப்பு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இது ஆர்க்கியா (பாக்டீரியா அல்லாத தனி நுண்ணுயிர் வகை) வளர்த்து, அதன் சவ்வுக் கொழுப்பைப் பிரித்து, ஆர்க்கியோசோம் (அந்தக் கொழுப்பாலான நுண்குமிழி) செய்பவர்களுக்கானது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், பல்கலைக்கழக ஆய்வுக்கூட உதவியாளர், புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தில் ஒற்றை ஆளாகப் பெஞ்சில் நிற்பவர் என்று யாருக்கும் பயன்படும். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் தின்னும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். புது செல் குப்பிக்கு ஆர்டர் போட்ட பிறகு தெர்மாமீட்டர் 8 டிகிரி தவறாகக் காட்டியது தெரியவந்தால், போன பணம் போனதுதான்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். கையில் இருப்பது டைஈதரா (மூலக்கூறுக்கு இரண்டு ஈதர் பிணைப்பு), டெட்ராஈதரா (நான்கு)? ஹாலோபாக்டீரியம் போன்ற உப்பு விரும்பிகள் தருவது டைஈதர், அதாவது ஆர்க்கியால் வகை. சல்ஃபோலோபஸ், தெர்மோபிளாஸ்மா போன்ற சூடும் அமிலமும் விரும்பிகள் பெரும்பாலும் டெட்ராஈதர் தருகின்றன, அதாவது சவ்வின் இரு பக்கமும் எட்டும் கால்டார்க்கியால் வகை. சாதாரணக் கொழுப்பான முட்டை லெசித்தினுக்கு எழுதிய செய்முறையை அப்படியே இவற்றின் மேல் ஏற்றுவதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. டைஈதர் செய்முறையை டெட்ராஈதருக்குப் போடுவதில் மீதியில் பெரும்பங்கு வந்துவிடும்.

## அறிகுறி: வளர்ப்பு கலங்கவே இல்லை

### சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ் என்றால்

குடுவைக்குள் இருக்கும் திரவத்தின் வெப்பத்தை அளந்து பாருங்கள், இன்குபேட்டர் திரையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். 75 முதல் 80 டிகிரி வேண்டும். ஏர்கான் காற்று நேராக விழும் இடத்தில் மூடியில்லாத நீர்த்தொட்டியை வைத்தால் திரவம் அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை.

அடுத்தது ஆவியாதல். 78 டிகிரியில் ஓர் இரவிலேயே குடுவையின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். நீர் போகப்போக உப்பும் அமிலமும் செறிகின்றன, செல்கள் நின்றுவிடுகின்றன. முதல் நாளே குடுவையில் மார்க்கரால் கோடு போட்டு, கிருமி நீக்கிய நீரால் அந்தக் கோடுவரை நிரப்புங்கள். நீண்ட கழுத்துக் குடுவை பெரிதும் உதவும். மூடியை இறுக்கிவிடாதீர்கள். இந்த உயிரிக்கு ஆக்ஸிஜன் தேவை, சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். குடுவையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் ஊற்றவும் வேண்டாம்.

மூன்றாவது பிஎச். 3-ஐ ஒட்டித் தொடங்குங்கள். கேசீன் செரிமானப் பொடியில் வளரும்போது அம்மோனியா வெளியாகி பிஎச் ஏறும். இரண்டாம், மூன்றாம் நாள் அளந்து நீர்த்த கந்தக அமிலத்தால் இறக்குங்கள். ஊடகத்தில் மஞ்சள்பழுப்புத் துகள் தெரிந்தால் இரும்பு பாஸ்பேட்டாகப் படிந்திருக்கிறது. அமிலம் சேர்க்கும் முன்பே இரும்பு உப்பைப் போட்டுவிட்டதன் விளைவு அது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் வளரவில்லை என்றால் மட்டும் புது வித்துக்கு (தொடக்கச் செல்களுக்கு) ஆர்டர் போடலாம். சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் தண்ணீர் எடுத்து இதை வளர்க்கலாமா என்ற யோசனை அவ்வப்போது எழும். அந்த நீர் 70 டிகிரி வரை சூடானதுதான், ஆனால் அமில ஊற்று அல்ல. அமிலம் விரும்பும் சல்ஃபோலோபஸை அங்கே தேடுவது வீண். வேறு நோக்கத்துக்கு மாதிரி எடுப்பதானாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

### ஹாலோபாக்டீரியம் சலினேரம் என்றால்

லிட்டருக்கு 250 கிராம் சோடியம் குளோரைடு, 20 கிராம் மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், 3 கிராம் சோடியம் சிட்ரேட், 2 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 10 கிராம் பெப்டோன். இது வழக்கமான ஊடகம். வெப்பம் 37 முதல் 42 டிகிரி. உப்பில் குறை வைத்தவர்கள் குறைவு, பெப்டோனில் சறுக்குபவர்கள்தான் அதிகம். சில பெப்டோன்களில் பித்த அமிலம் கலந்திருக்கும், அது இந்தச் செல்களைக் கரைத்துவிடும். ஊடகம் தெளிவாக, லேசாக நுரைத்து, வளர்ச்சியே இல்லாமல் இருந்தால் பெப்டோன் குப்பியை மாற்றிப் பாருங்கள். ஆக்ஸாய்டு நிறுவனத்தின் பாக்டீரியலாஜிக்கல் பெப்டோனை இந்தத் துறையில் பலரும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

## அறிகுறி: பெல்லட் நிறைய இருக்கிறது, கொழுப்பு வரவில்லை

பெல்லட்டைக் (சுழற்றியபின் குழாயடியில் திரளும் செல் கட்டி) கழுவிய நீர் எது? உப்பு விரும்பிகளை வெறும் நீரில் கழுவினால் அந்த நொடியே உடைந்து, டிஎன்ஏ வெளியேறி, சளிபோல் இழுபடும். பெப்டோன் சேர்க்காத உப்புக் கரைசலில் மட்டுமே கழுவுங்கள்.

கரைப்பான் விகிதத்தில் பெல்லட்டின் நீரைக் கணக்கில் சேர்த்தீர்களா? பிளை, டையர் இருவரும் 1959-ல் தந்த முறையில் குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 1:2:0.8 என்று இருந்தால்தான் எல்லாம் ஒரே அடுக்காக நிற்கும். ஈரப் பெல்லட் ஒரு கிராமில் ஏறக்குறைய 0.8 மி.லி. நீர் இருப்பதாக வைத்துக்கொண்டு, 1 மி.லி. குளோரோஃபார்மும் 2 மி.லி. மெத்தனாலும் சேர்த்துக் கலக்குங்கள். கலவை இந்தக் கட்டத்திலேயே இரண்டாகப் பிரிந்தால் நீர் அதிகமாகிவிட்டது, மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒன்றாக்குங்கள். பிரித்தெடுத்த பிறகு 1 மி.லி. குளோரோஃபார்ம், 1 மி.லி. நீர் ஊற்றினால் 2:2:1.8 ஆகி அடுக்கு பிரியும். கொழுப்பு அடியடுக்கில் இருக்கும்.

நடுவில் தயிர்போல் ஒரு பட்டை நிற்கிறதா? குலுக்கியது அதிகம். 2000 சுற்றுவிசையில் (x g, நிமிடச் சுற்று அல்ல) 10 நிமிடம் கண்ணாடிக் குழாயில் சுழற்றுங்கள். பட்டை அடங்கவில்லை என்றால் நீரடுக்கில் கொஞ்சம் உப்பு சேர்க்கலாம். உப்பு விரும்பிகளுக்கு இதைச் செய்யாதீர்கள், அங்கே உப்பு ஏற்கெனவே மிகுதி.

டெட்ராஈதரா? அப்படியென்றால் சாதாரணப் பிளை-டையர் முறையில் பெரும்பகுதி செல் எச்சத்திலேயே தங்கிவிடும். நீருக்குப் பதில் 5 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஊற்றி மூன்று முறை பிரித்தெடுங்கள். அல்லது செல்களை உறைநிலையில் உலர்த்தி, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிரித்தெடுக்கும் கருவி) குளோரோஃபார்ம்-மெத்தனால் 1:1 கலவையில் 48 மணி நேரம் ஓடவிடுங்கள். அமில முறையில் அடியடுக்கை மெத்தனால்-நீர் கலவையால் இரண்டு முறை கழுவிய பின்பே உலர்த்த வேண்டும். கழுவாமல் ரோட்டரியில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஏற்றினால் அமிலம் செறிந்து தலைப்பகுதிச் சர்க்கரையை அறுத்துவிடும். ஹாலோபாக்டீரியத்துக்கு அமில முறை வேண்டவே வேண்டாம், அதன் சல்பேட் கொண்ட கிளைக்கோலிப்பிட் (சர்க்கரை இணைந்த கொழுப்பு) அமிலத்தில் சல்பேட்டை இழக்கும்.

கொழுப்பு இருந்தும் அளவீட்டில் தெரியாமல் போகிறதா? பாஸ்பேட் அளவீடு பாஸ்பரஸ் உள்ள கொழுப்பை மட்டுமே பார்க்கும். சல்பேட் கிளைக்கோலிப்பிட்டில் பாஸ்பரஸ் கிடையாது, அளவீடு சுழியம் காட்டும். அதற்கு எடை போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பீனால்-கந்தக அமில முறையில் சர்க்கரையை அளந்து பாருங்கள். பாஸ்பரஸ் கொழுப்பை நிறத்தால் அளக்கும் ஸ்டூவர்ட் முறை பாஸ்ஃபடிடில்கிளிசராலுக்குச் சரிவராது என்பதும் நினைவில் இருக்கட்டும். லைப்போசோமைப் (கொழுப்புக் குமிழி) பாஸ்பேட் தாங்கலில் (பிஎச்சை நிலைநிறுத்தும் கரைசல்) செய்துவிட்டு அதையே பாஸ்பேட் அளவீட்டுக்கு அனுப்பினால் எண் வானத்தில் நிற்கும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? பாஸ்பேட் செரிமானத்துக்குப் பெர்குளோரிக் அமிலம் சூடாக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். அதற்கென்று கழுவும் வசதியுள்ள தனிப் புகைக்கூண்டு வேண்டும். சாதாரணக் கூண்டில் அதன் உப்பு படிந்து பின்னால் வெடிக்கக்கூடும். பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்காமல் தொடாதீர்கள். ரோட்டரி வெற்றிடம் பிடிக்காமல் பம்ப் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதுவும் தொழில்நுட்பரின் வேலை.

குளோரோஃபார்ம் கழிவை ஹாலோஜன் கழிவு என்று எழுதிய தனிப் புட்டியில் சேருங்கள். அசிட்டோன், மெத்தனால் கழிவோடு கலக்க வேண்டாம், முக்கியமாகக் குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரத்தோடு சேரவே கூடாது. அந்தச் சேர்க்கை கொதித்து வெடிக்கும். சிங்கப்பூரில் இது நச்சுத் தொழிற்கழிவு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற சேகரிப்பாளர் மட்டுமே எடுத்துப்போக வேண்டும்.

## அறிகுறி: டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டில் புள்ளி இடம் மாறுகிறது, அல்லது தெரிவதே இல்லை

இடம் மாறினால் இந்த ஊரின் ஈரப்பதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிலிக்கா தட்டு காற்றின் ஈரத்தை நிமிடங்களில் உறிஞ்சும். 110 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உலர்பெட்டியில் ஆறவிட்டு, உடனே புள்ளி வையுங்கள். மைனஸ் 20-லிருந்து எடுத்த கொழுப்புக் குப்பியை அறை வெப்பத்துக்கு வரும்முன் திறக்காதீர்கள். குப்பியின் வெளிப்பக்கம் வியர்ப்பது தெரியும். திறந்தால் அதே நீர் உள்ளேயும் இறங்கும், சில மைக்ரோலிட்டர் மாதிரியில் அது பெரிய பங்கு.

வால் இழுத்தால் புள்ளியில் ஏற்றியது அதிகம், இல்லையென்றால் உப்பு கூட வந்திருக்கிறது. வழக்கமான குளோரோஃபார்ம்-மெத்தனால்-நீர் 65:25:4 கலவையில் ஹாலோபாக்டீரியக் கொழுப்பு சரியாகப் பிரியாவிட்டால், குளோரோஃபார்ம், மெத்தனால், 90 சதவீத அசிட்டிக் அமிலம் 65:4:35 என்று மாற்றிப் பாருங்கள்.

தெரியவே இல்லையென்றால் சாயம் மாறவேண்டும். இந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு பெரும்பாலும் இல்லாததால் அயோடின் ஆவி மங்கலாகவே பிடிக்கும். அசிட்டோன்-நீர் 8:2 கலவையில் 0.05 சதவீதப் பிரிமுலின் தெளித்து 365 நானோமீட்டர் விளக்கில் பாருங்கள். பாஸ்பரஸுக்கு மாலிப்டினம் நீலம், சர்க்கரைக்கு ஆல்ஃபா-நாஃப்தால்.

## அறிகுறி: ஜிசியில் (வாயு நிறப்பிரிகை) கொழுப்பு அமிலச் சிகரங்கள் எழுகின்றன

இது பிழை மட்டுமல்ல, நல்ல எச்சரிக்கை மணியும்கூட. ஆர்க்கியா கொழுப்பில் இருப்பது ஈதர் பிணைப்பு. கொழுப்பு அமில மெத்தில் எஸ்டர் செய்முறைக்கு அது அசையாது. ஆகவே தூய கொழுப்பு அந்தச் சோதனையில் கிட்டத்தட்ட வெறுமையாகவே வரவேண்டும். 16, 18 கார்பன் சிகரம் உயரமாக நின்றால் பொருள் இதுதான்: ஊடகத்தின் ஈஸ்ட் சாறிலிருந்தோ, கையிலிருந்தோ, சரியாகக் கழுவாத குடுவையிலிருந்தோ எஸ்டர் கொழுப்பு (ஆர்க்கியா அல்லாத உயிர்களின் வழக்கமான கொழுப்பு) வந்திருக்கிறது. செல் சேர்க்காத வெற்று ஊடகத்தை அதே வழியில் பிரித்தெடுத்துப் பாருங்கள். அதிலும் சிகரம் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அதில் இல்லை, செல்லில் மட்டும் இருக்கிறது என்றால் வளர்ப்பில் பாக்டீரியா புகுந்திருக்கிறது. ஹாலோபாக்டீரிய வளர்ப்பில் உப்பு தாங்கும் பாக்டீரியா புகுவது உண்டு.

நிறைமானியில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) 391, 338 என்ற எண்களில் பெரிய சிகரம் வந்தால் அவை பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்த தாலேட்டும் எரூகமைடும். குளோரோஃபார்ம் தொடும் இடமெல்லாம் கண்ணாடியும் டெஃப்ளான் மூடியும்தான் இருக்கவேண்டும். அமில நீராற்பகுப்புக்குப் பின் வளையமில்லாத டெட்ராஈதர் 1302-ல் வரும், ஐங்கோண வளையம் ஒன்று கூடக்கூட எண் இரண்டிரண்டாக இறங்கும். ஒரு தொகுதியில் 1302 மேலோங்கி, அடுத்த தொகுதியில் 1294 மேலோங்கினால் கருவியைக் குறை சொல்லும் முன் வளர்ப்பு வெப்பத்தின் பதிவைப் பாருங்கள். வெப்பம் ஏறினால் வளையம் கூடுவது இந்த உயிரியின் இயல்பு. 2019-ல் அந்த வளையத்தைப் போடும் மரபணுக்கள் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸில்தான் அடையாளம் காணப்பட்டன. நிறைமானி தேவைப்படும் கட்டம் வந்தாலே பொதுக் கருவிக்கூட நிபுணரிடம் கொடுப்பது நல்லது. டெட்ராஈதருக்கு அவர்கள் நிரலை மாற்ற வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: கொழுப்பு சிவப்பாகவே இருக்கிறது

ஹாலோபாக்டீரியத்தின் சிவப்பு நிறமியான பாக்டீரியோரூபெரின் அது. கொழுப்பைக் குறைந்த குளோரோஃபார்மில் கரைத்து, 20 மடங்கு குளிர்ந்த அசிட்டோன் ஊற்றி, இரவு முழுக்கக் குளிரில் வைத்துச் சுழற்றுங்கள். நிறம் அசிட்டோனோடு போகும், முனைக் கொழுப்பு (மின்முனைவுள்ள சவ்வுக் கொழுப்பு) அடியில் தங்கும். அசிட்டோன் நிறமற்று வரும்வரை திரும்பச் செய்யுங்கள். படிவு குறைவாக இருந்தால் மக்னீசியம் குளோரைடு சில சொட்டு சேர்ப்பது வழக்கம். அந்த மக்னீசியம் பின்னால் வேறு தொல்லை தரும், கீழே வருகிறது.

## அறிகுறி: படலம் குடுவையை விட்டு எழும்பவில்லை

கரைப்பானை ஆவியாக்கிக் குடுவைச் சுவரில் உலர்த்திய கொழுப்புப் படலம் தாங்கலில் கலந்தால்தான் துகள் உருவாகும். டைஈதர் என்றால் அறை வெப்பமே போதும். எழும்பவில்லை என்றால் படலம் தடிமன் அதிகம். 10 மி.கி.க்கு 100 மி.லி. உருண்டைக் குடுவை எடுங்கள், சில கண்ணாடி மணிகள் போட்டுச் சுழற்றுங்கள்.

டெட்ராஈதர் என்றால் முதலில் அது கரைப்பானில் முழுதாகக் கரைந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெறும் குளோரோஃபார்மில் கரையாமல் மேகம்போல் நிற்கும். குளோரோஃபார்ம்-மெத்தனால்-நீர் 65:25:10 கலவையில் கரையும். மேகத்தோடு உலர்த்திய படலம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். கரைத்து மறுபடி உலர்த்தி, இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்து, 65 டிகிரி தாங்கலில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். தாங்கலையும் முன்பே சூடாக்கியிருக்க வேண்டும். அதன் பின் திரவ நைட்ரஜனில் உறையவைத்து 65 டிகிரியில் உருக்குவதை ஐந்து முறை செய்யுங்கள். பிடிவாதமான படலம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்துவிடும்.

## அறிகுறி: எக்ஸ்ட்ரூடர் (நுண்துளைச் சவ்வு வழியே அழுத்தித் துகளை ஒரே அளவாக்கும் கருவி) அடைத்துக்கொள்கிறது

நேராக 100 நானோமீட்டர் சவ்வில் தொடங்கினீர்களா? 400, 200, 100 என்று இறங்குங்கள், ஒவ்வொன்றிலும் 11 முறை. ஒற்றைப்படை எண்ணில் நிறுத்தினால்தான் வடிகட்டாத துகள் எதிர்ப்பக்கச் சிரிஞ்சுக்கு வராது. டெட்ராஈதருக்குச் சூடேற்றும் கட்டையை 65 டிகிரியில் வைத்து, சிரிஞ்சும் சூடேறப் பத்து நிமிடம் பொறுங்கள். செறிவு மி.லி.க்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் குறையுங்கள். கைக்கு மீறி அழுத்தினால் கண்ணாடிச் சிரிஞ்சு உடைந்து உள்ளங்கையில் ஏறும். அந்த நிலைக்குப் போகும் முன் சவ்வை மாற்றுங்கள், அது சிரிஞ்சைவிட மலிவு.

## அறிகுறி: குப்பியின் அடியில் படிகிறது

இந்தக் கொழுப்புகள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கால்சியம், மக்னீசியம் பட்டால் டைஈதர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். கால்சியம் கலந்த பாஸ்பேட் உப்புநீரை எடுத்துவிட்டீர்களா, அசிட்டோன் கட்டத்தில் போட்ட மக்னீசியம் மிஞ்சியதா என்று பாருங்கள். இந்த உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவை 5 மில்லிமோலார் சேர்த்துப் படிவு கலைந்தால் காரணம் அதுவே. கலையவில்லை என்றால் துகள்கள் இணைந்துவிட்டன, மறுபடி எக்ஸ்ட்ரூடரில் ஏற்ற வேண்டும். சாம்பல் நிறப் படிவா? சோனிகேட்டர் (மீயொலிக் கருவி) முனையின் டைட்டானியம். சுழற்றி எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: கசிவுச் சோதனையின் எண் நம்பும்படி இல்லை

வாய்வழி மருந்துக்கு ஆர்க்கியோசோம் செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அமிலத்தையும் பித்த உப்பையும் தாங்கும் என்பதுதான் இந்தப் பொருளின் மதிப்பே. அதை நிரூபிக்கும் எண் கோணினால் மொத்த வேலையும் கோணும். ஒவ்வொரு கிளையையும் பொறுமையாகப் பாருங்கள்.

### கசிவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்

கார்பாக்ஸிஃப்ளூரசீன் என்ற சாயத்தை 100 மில்லிமோலாரில் துகளுக்குள் அடைத்து (அந்தச் செறிவில் ஒளிர்வு அடங்கியிருக்கும்), வெளியேறும்போது ஒளிர்வதை 492 நானோமீட்டரில் தூண்டி 517-ல் படிக்கிறோம். கடைசியில் டிரைட்டான் என்ற சவர்க்காரப் பொருளை ஊற்றி எல்லாவற்றையும் உடைத்து, அதை நூறு சதவீதமாக எடுக்கிறோம். பிழை ஒளிந்திருப்பது இந்தக் கடைசிப் படியில். லெசித்தினை உடைக்கும் 0.1 சதவீத டிரைட்டான் டெட்ராஈதர் சவ்வை முழுதாக உடைப்பதில்லை. நூறு என்று நாம் எழுதியது உண்மையில் நாற்பதாக இருந்தால், கசிவு இரண்டரை மடங்காகத் தெரியும். நல்ல தொகுதியைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

சோதனை எளிது. டிரைட்டான் ஊற்றிப் படித்த பிறகு இன்னொரு பங்கு ஊற்றுங்கள், அல்லது 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டு மறுபடி படியுங்கள். ஒளிர்வு ஏறினால் முதலில் உடையவில்லை. 1 சதவீத டிரைட்டானும் சூடும் சேர்த்து, ஏறாத நிலை வரும்வரை போங்கள். டிரைட்டானே சாயத்தின் ஒளிர்வைச் சற்று மாற்றும், நீர்த்தலும் உண்டு. தனிச் சாயக் கரைசலில் அதே அளவு ஊற்றித் திருத்தக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கிய நிமிடத்திலேயே கசிவு பாய்ந்து பிறகு அசையாமல் நின்றால் உள்ளுக்கும் வெளிக்கும் சவ்வூடுபரவல் அழுத்தம் பொருந்தவில்லை. வெளித்தாங்கலில் சோடியம் குளோரைடு சேர்த்து உள்ளிருப்போடு ஈடுகட்டுங்கள். அதை அளக்கும் ஆஸ்மோமீட்டர் இருந்தால் இரண்டையும் அளந்தே செய்யுங்கள்.

### கசிவே இல்லை, அமிலத்திலும்கூட

மகிழ்வதற்கு முன் ஒன்று. கார்பாக்ஸிஃப்ளூரசீன் அமிலத்தில் ஒளிர்வை இழக்கும். பிஎச் 2-ல் எல்லாமே கசிந்திருந்தாலும் கருவி அமைதியாக இருக்கும். குறித்த நேரத்தில் சிறு பங்கை எடுத்து, பிஎச் 7.4-க்குத் தாங்கலால் கொண்டுவந்த பிறகே படியுங்கள். கூடவே முட்டை லெசித்தின் லைப்போசோம் ஒன்றும் ஓடட்டும். பித்த உப்பில் அது கசிந்தே ஆகவேண்டும். அதுவும் கசியவில்லை என்றால் உங்கள் பித்த உப்புக் கரைசலில்தான் கோளாறு.

## அறிகுறி: ஆட்டோகிளேவுக்குப் பின் துகள் பெருத்துவிட்டது

சல்ஃபோலோபஸின் முனைக் கொழுப்பில் செய்த துகள்கள் பிஎச் 4 முதல் 10 வரை 121 டிகிரியைப் பல சுற்று தாங்குவது பதிவாகியுள்ளது. பெருத்தால் முதலில் பிஎச்சைப் பாருங்கள், பிறகு லெசித்தின் எவ்வளவு கலந்தீர்கள் என்று பாருங்கள். கலவையில் எஸ்டர் கொழுப்பு கூடக்கூட இந்தத் தாங்கும் குணம் குறையும். டிரிஸ் தாங்கலின் பிஎச் சூட்டில் இறங்கும் என்பதால் இந்த வேலைக்கு வேறு தாங்கல் எடுங்கள். உள்ளே அடைத்த மருந்து சூட்டைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. தாங்காதென்றால் 0.2 மைக்ரான் வடிகட்டிதான் வழி.

## அறிகுறி: வெற்று ஆர்க்கியோசோமே நோயெதிர்ப்புச் செல்களை மூர்க்கமாகத் தூண்டுகிறது

ஆர்க்கியோசோம் தடுப்பூசித் துணைப்பொருளாக வேலை செய்வது உண்மை. ஒட்டாவாவில் உள்ள கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு அதில் நெடுங்காலம் உழைத்து, பின்னர் சல்பேட் கொண்ட லாக்டோசில் ஆர்க்கியால் என்ற ஒற்றைக் கொழுப்புவரை எளிமையாக்கியிருக்கிறது. ஆனால் எதிர்பாராத அளவு தூண்டலைக் கண்டால் எண்டோடாக்ஸினைச் (சில பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு) சந்தேகியுங்கள். ஆர்க்கியாவிடம் லிப்போபாலிசாக்கரைடு கிடையாது. அது தென்பட்டால் நீரிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ வந்ததுதான். கண்ணாடியை 250 டிகிரியில் 30 நிமிடம் சுட்டு, எண்டோடாக்ஸின் இல்லாத நீரில் ஒரு தொகுதியைப் புதிதாகச் செய்து ஒப்பிடுங்கள்.

எண்டோடாக்ஸினை அளக்கும் லைமுலஸ் சோதனையில் கொழுப்புத் துகள் எண்டோடாக்ஸினை மறைத்துவிடக்கூடும். தெரிந்த அளவு எண்டோடாக்ஸினை மாதிரியில் சேர்த்து, அது முழுதாகத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பாதிக்கும் குறைவாகவோ இரட்டிப்புக்கு மேலோ வந்தால் அந்த எண்ணை எழுத வேண்டாம், மாதிரியை அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். விலங்குக்கு ஊசி போடும் திட்டமிருந்தால் அந்த அறிக்கை கைக்கு வரும்வரை தொடங்காதீர்கள்.